லாங்வுட் சோலைக்கு எந்த ஜூம் கேமரா?

வணக்கம் நண்பர்களே, கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். விடியற்காலையில் லாங்வுட் சோலைப் பக்கம் நடந்து பறவைகளைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு, இதுவரை எல்லாம் போனில்தான், நீலகிரி சிரிப்பான் வெறும் புள்ளியாகத்தான் விழுகிறது. லென்ஸ் மாற்றும் கேமரா வேண்டாம். இங்கே இருக்கும் ஈரத்துக்கு இரண்டு மூன்று லென்ஸ்களைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே பெரிய பாடு (அண்ணனுடைய லென்ஸ் அப்படித்தான் போனது).

பார்த்து வைத்திருப்பது மூன்று. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, 1 அங்குல சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு), ஜூம் 24-600 மி.மீ., தூறலையும் ஓரளவு தாங்கும், ஆனால் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. பானசோனிக் எஃப்இசட்1000 மார்க் 2-விலும் அதே அளவு சென்சார்தான், 400 மி.மீ.யோடு நின்றுவிடுகிறது. நிக்கான் பி1000 என்றால் 3000 மி.மீ. வரை போகும், சரி, ஆனால் சென்சார் சின்னது, முழு ஜூமில் லென்ஸ் துளை எஃப்8 என்று சிறுத்து வெளிச்சம் குறைந்துவிடும், சோலைக்குள் அந்த இருட்டிலும் மூடுபனியிலும் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றினால் படம் மணலை அள்ளித் தூவியது போல ஆகிவிடாதா? எடை வேறு 1.4 கிலோ.

மலையில் இவற்றை வைத்துப் படம் எடுத்தவர்கள் சொல்லுங்கள், பறவைக்கு 400 போதுமா? சோனியைப் பழையதாக வாங்கினால் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்? அப்புறம், மழைக்காலத்தில் கேமராவை எதில் வைக்கிறீர்கள்? அரிசி டப்பா யோசனை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே வீட்டில் திட்டு வாங்கியாச்சு.