டிஆர்எஃப் தரவுத்தளம்: துணுக்கா, நறுக்கா?

அன்புடையீர்,

வரும் திங்களன்று மாணவர்களைக் காரங்காடு அலையாத்திக் காட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். செல்லில் புரதம் கட்ட அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் ஆர்என்ஏ டிஆர்என்ஏ (tRNA); அது வெட்டுப்பட்டுக் கிடைக்கும் சிறு பகுதிகள் டிஆர்எஃப் (tRF). தாவரங்களின் டிஆர்எஃப்களைத் தொகுத்திருக்கும் தரவுத்தளங்களைப் பற்றி இரண்டு பக்கக் கையேடு தர வேண்டும். அச்சகத்தார் சனிக்கிழமை வரைதான் பொறுப்பார்கள். ‘கடத்து ஆர்என்ஏ துணுக்கு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

தொண்டியிலிருந்து ஆசிரியை

*

அம்மா, வணக்கம்.

‘துணுக்கு’ என்றால் வார இதழில் பக்கம் நிரப்பப் போடுவதுதான் நினைவுக்கு வரும். எங்கிருந்து வெட்டியது என்பது அச்சொல்லில் இல்லை. இங்கே அதுதான் முதல் கேள்வி. ஏறத்தாழ 76 எழுத்து நீளமுள்ள முதிர்ந்த டிஆர்என்ஏவின் 5′ முனையில், அதாவது தொடக்கத்தில், கிடைப்பது டிஆர்எஃப்-5, சிசிஏ என்ற மூன்று எழுத்தில் முடியும் 3′ முனையில், அதாவது கடைசியில், கிடைப்பது டிஆர்எஃப்-3, முதிராத மூல டிஆர்என்ஏவின் வாலிலிருந்து வருவது டிஆர்எஃப்-1 என்று, 2018-இல் வெளியான, தாவர டிஆர்எஃப்களுக்கான பிடிஆர்எஃப்டிபி (PtRFdb) தரவுத்தளமே இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆய்வகங்களில் வளர்க்கும் ஆரபிடாப்சிஸ் செடியில், முதிர்ந்த டிஆர்என்ஏவில் விழும் வெட்டைப் பெரும்பாலும் ஆர்என்ஏவை அறுக்கும் ஆர்னேஸ் டி2 குடும்ப நொதிகள் செய்கின்றன. நம் பனங்காட்டில் அளவாக வெட்டிய ஏட்டை ‘ஓலை நறுக்கு’ என்பார்களே, அந்த நறுக்கு இதற்குப் பொருந்தும்.

‘கடத்து’ என்பதையும் விட்டுவிடுங்கள். இந்தக் கடற்கரையில் கடத்தல் என்றால் கடலட்டைதான் கண்முன் நிற்கும். டிஆர்என்ஏ என்றே இருக்கட்டும்.

பரமக்குடியிலிருந்து

*

ஐயா, துணிதல் என்றால் அறுபடுதல், துணித்தல் என்றால் அறுத்தல். பாவிலிருந்து அறுத்தெடுத்ததால்தான் துணிக்குத் துணி என்று பெயர். துணுக்கும் அவ்வேரில் கிளைத்ததே என்பது என் துணிபு. ஆகவே வெட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. வார இதழ் செய்த பிழைக்குச் சொல்லைத் தண்டிக்கலாகாது. மேலும், நறுக்கு என்றதும் மாணவருக்கு ஏடு நினைவுக்கு வராது, வெங்காயம்தான் வரும். பாஸ்பேட் குறைந்த மண்ணில் செடியின் வேரில் இவற்றின் அளவு மாறுகிறது என்று விளக்கும் இடத்தில், சொல்லே அவர்களைத் தடுக்கி விழச் செய்யக் கூடாது.

‘தரவுத்தள’த்தைத் ‘தரவகம்’ ஆக்க வேண்டும் என்று யாரேனும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், தளம் ஊன்றிவிட்டது.

மண்டபத்திலிருந்து

*

ஐயா இருவருக்கும் நன்றி. வகுப்பில் இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். ‘நறுக்கு’ என்றதும், பனை ஏறும் வீட்டுப் பிள்ளை ஒருவர் எழுந்து, ஓலையின் நுனியையும் அடியையும் கழித்துவிட்டு ஏடு எடுப்பதைக் கையால் வெட்டிக் காட்டினார். கழித்ததும் நறுக்குத்தானா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. டிஆர்எஃப்-1 அப்படிக் கழிக்கப்படும் வால்தான் என்று சொல்ல எனக்கு வழி கிடைத்தது. கையேட்டின் உள்ளே ‘டிஆர்என்ஏ நறுக்கு’ என்று மாற்றிவிட்டேன். அட்டை முன்பே அச்சாகிவிட்டதால் அதில் ‘துணுக்கு’ என்றே இருக்கிறது; மண்டபத்து ஐயா மகிழலாம்.