பிக்கப் பின்பக்கத்தை உயர்த்திய பிறகு 60-க்கு மேல் அதிர்வு: பினியனை எந்தக் கோணத்தில் வைப்பது?

வாலிநோக்கம் லோடு வண்டி:
வணக்கம். பின்சக்கர டிரைவ் டீசல் பிக்கப். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். வாலிநோக்கத்திலும் மூக்கையூர் பக்கமும் கரைவலை இழுக்கும் இடத்துக்கே வண்டியை இறக்கி மீன் ஏற்றுகிறோம். லோடு ஏறியதும் ஸ்டெப்னியும் பின் பம்பரும் மணலை உழுதுகொண்டு வந்ததால், பிளேட்டுக்கும் (பட்டை ஸ்பிரிங்) ஹவுசிங்குக்கும் (பின் அச்சுக் கூடு) நடுவே 50 மி.மீ. பிளாக் வைத்தோம். வேலை செய்த பட்டறையில் கூடவே ஒரு ஆப்புத் தகடும் கொடுத்து, பினியன் மூக்கை (ஹவுசிங்கில் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) ஷாஃப்டுக்கு நேராகத் தூக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல். 70-இல் கியர் லிவர் நடுங்குகிறது. ஸ்டியரிங்கில் ஆட்டம் இல்லை. ஐஸும் மீனும் ஏற்றினால் பாதியாகக் குறைகிறது, காலி வண்டியாகத் திரும்பும்போதுதான் தாங்கவில்லை. டயர் பாலன்ஸ் பார்த்தாயிற்று. ஷாஃப்டைக் கழற்றி மதுரைக்கு அனுப்பி பாலன்ஸ் செய்யச் சொல்கிறார்கள். அந்தச் செலவுக்கு முன்னால் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பாம்பன் டீசல்:
நான் விசைப்படகு இன்ஜின் வேலை. படகில் இன்ஜினும் ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கப்ளிங் முகத்தில் நாலு பக்கமும் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து, இன்ஜின் காலுக்குத் தகடு கொடுத்துச் சரிசெய்வோம். அந்தக் கணக்கில் பார்த்தால் பினியனை நேராகத் தூக்கியது சரி என்றுதானே படுகிறது? வண்டியில் இது ஏன் ஒத்துவரவில்லை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை ஸ்பேனர்:
நல்ல கேள்வி. தம்பியின் வண்டி அதிர்வதற்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது.

படகில் இன்ஜினும் ஷாஃப்டும் அசையாமல் ஒரே கோட்டில் நிற்கும். வண்டியில் ஹவுசிங் மேலும் கீழும் போய்வருகிறது, அதனால்தான் சிலுவை வடிவ கிராஸ் போட்ட, மடங்கியபடி சுற்றும் ஜாயிண்ட். கிராஸ் ஜாயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. கோணத்தில் சுற்றும்போது உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடி இரண்டு முறை குறையும். 3 டிகிரியில் அந்த ஏற்ற இறக்கம் மொத்தமாக 0.3 சதவீதம்கூட வராது. 10 டிகிரியில் 3 சதவீதம் ஆகிவிடும். கோணம் இரண்டு மடங்கானால் ஆட்டம் ஏறக்குறைய நாலு மடங்கு.

இதைக் கொல்ல ஒரே வழி, அடுத்த கிராஸில் அதே அளவு கோணத்தை எதிராக வைப்பது. முன்னது கொடுத்த ஆட்டத்தைப் பின்னது திருப்பி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பினியன், ஷாஃப்டை நேராகப் பார்க்கக் கூடாது. ஷாஃப்டுக்கு முன்னால் இருக்கிற உறுப்புக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரே துண்டு ஷாஃப்ட் என்றால் கியர்பாக்ஸுக்கு இணை. உங்களுடையது இரண்டு துண்டு, ஆகவே முன் துண்டுக்கு இணை. பினியனை நேராகத் தூக்குவது டபுள் கார்டன் ஜாயிண்ட் போட்ட வண்டிக்கான முறை. அதில் கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு கிராஸ் சேர்ந்திருப்பதால் அங்கேயே கணக்கு தீர்ந்துவிடும். உங்கள் வண்டியில் அது கிடையாது.

டயரா ஷாஃப்டா என்பதை அதிர்வின் வேகத்தை வைத்தே சொல்லலாம். 215/75 ஆர் 15 டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஏழரைச் சுற்று. டயர் கோளாறு என்றால் எண்ணிவிடுகிற மாதிரி குலுங்கும். கிரவுன் ரேஷியோ (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று) 4 என்று வையுங்கள், ஷாஃப்ட் 30 சுற்று சுற்றும். கோணக் கோளாறு சுற்றுக்கு இரண்டு தட்டு, வினாடிக்கு 60. அதுதான் நீங்கள் சொல்கிற உறுமல்.

உச்சிப்புளி–மண்டபம் நேர் ரோட்டில், பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, 65-இல் கிளட்சை மிதித்து இன்ஜினை ஐட்லிங்குக்கு விடுங்கள். உறுமல் நின்றால் இன்ஜின் மவுண்ட் பக்கம் பார்க்கலாம். நிற்காமல் ரோட்டு வேகத்தோடு சேர்ந்து குறைந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் கோளாறு.

பிறகு கோணம் அளந்து இங்கே போடுங்கள். கொத்தனார் ரசமட்டத்தில் டிகிரி தெரியாது, போனில் இருக்கும் மட்டமே போதும். சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். வண்டி தன் சக்கரத்தில் நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கினால் ஹவுசிங் தொங்கி எல்லா அளவும் பொய்யாகிவிடும். கியர்பாக்ஸ் ஃபிளேஞ்ச் (ஷாஃப்டைப் பூட்டும் முகம்), முன் துண்டு, பின் துண்டு, பினியன் ஃபிளேஞ்ச், நாலு அளவு.

வாலிநோக்கம் லோடு வண்டி:
கிளட்ச் மிதித்தும் உறுமல் நிற்கவில்லை காக்கா (அண்ணே), வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தது. ஐஸ் கம்பெனி தரையில் காலி வண்டியாக நிறுத்தி அளந்தேன். கியர்பாக்ஸ் 3, முன் துண்டு 3.5, பின் துண்டு 7.5, பினியன் 7. எல்லாமே பின்பக்கம் தாழ்ந்து சரிகிறது.

கீழக்கரை ஸ்பேனர்:
கழித்துப் பாருங்கள். நடு கிராஸில் 4 டிகிரி, பின் கிராஸில் வெறும் 0.5. நடுவில் உண்டாகும் ஆட்டத்தைத் திருப்பி எடுக்கப் பின்னால் ஆளே இல்லை. லோடு ஏறினால் பின் துண்டு படுக்கிறது, நடு கிராஸின் கோணம் குறைகிறது, உறுமலும் அடங்குகிறது. அளவும் அறிகுறியும் ஒத்துப்போகின்றன. ஷாஃப்டை மதுரைக்கு இப்போது அனுப்ப வேண்டாம்.

ஆப்பை மட்டும் எடுத்தால் பினியன் பழையபடி 3-க்கு வரும் என்று நினைக்கிறேன். அப்போது கோணம் 4-க்கு 4.5, ஏறக்குறைய சமம். ஆனால் இரண்டுமே பெரிது, கிராஸ் சீக்கிரம் போகும். 3 டிகிரிக்குள் கொண்டுவருவது நல்லது. அதனால் முதலில் சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் கிராஸ் மெம்பருக்கும் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) நடுவே 15 மி.மீ. தகடு கொடுத்துப் பேரிங்கைக் கீழே இறக்குங்கள். இரண்டு போல்ட்டுக்கும் ஒரே கனம், போல்ட் நீளத்தையும் கூட்ட வேண்டும். முன் துண்டு 4.5 பக்கம் வரும், பின் துண்டு 7-க்கு இறங்கும். பினியனை 4-இல் நிறுத்துங்கள். அரை டிகிரி தாழ்வு வேண்டுமென்றே விடுவது. ஆக்சிலரேட்டர் மிதித்தால் பிளேட்டு முறுகிப் பினியன் மூக்கு மேலே எழும், அதற்கான இடம் அது.

இப்போது இருக்கும் ஆப்பு 4 டிகிரி, உங்களுக்குத் தேவை 1. லேத்தில் கொடுத்தால் 100 மி.மீ. நீளத்துக்கு 1.75 மி.மீ. ஏற்றம் என்று சொல்லுங்கள். இரும்பிலேயே செய்யுங்கள், அலுமினியம் லோடு வண்டியில் நசுங்கும். பிளேட்டு ஹவுசிங்குக்கு மேலே இருப்பதால், ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் இருந்தால்தான் மூக்கு எழும். சென்டர் போல்ட் தன் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிளேட்டை ஹவுசிங்கோடு கட்டும் யூ போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் சிலிப்பின் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் இணைப்பு) இரண்டு பக்கமும் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின் துண்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் மாறிச் சேர்ந்தாலும் மேலே சொன்ன கணக்கு எல்லாம் வீண்.

பாம்பன் டீசல்:
இப்போது விளங்கியது. என் பக்கத்திலிருந்து ஒன்று. மீன் வண்டியில் உப்புத் தண்ணீர் பாடியிலிருந்து ஒழுகி நேராக ஷாஃப்ட் மேல் விழுகிறது. கிராஸைக் கையில் பிடித்து எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். கிராஸ் முனையில் இருக்கும் நிடில் ரோலர் (ஊசி போன்ற உருளை) ஒரே இடத்தில் பல வருடம் ஆடித் தடம் பதிந்திருந்தால் நடுவில் சிக்கி நிற்கும். கோணம் மாறிய பிறகு அந்தப் பழைய தடமும் சத்தம் போடும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் நாலு சீலிலும் புது கிரீஸ் பிதுங்கும் வரை அடியுங்கள். கடற்கரை ஓட்டம் முடிந்ததும் அடியில் நல்ல தண்ணீர் அடிப்பது கட்டாயம்.

தொண்டி பிரேக்:
அதிர்வைவிடப் பெரிய விஷயம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பின் ஹவுசிங்குக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போகிறதா பாருங்கள், அது எல்.எஸ்.பி.வி. வால்வின் கம்பி. பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வால்வு பின் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம் விடும். 50 மி.மீ. தூக்கிவிட்டால் முழு லோடிலும் வண்டி காலி என்றே அது எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கம்பியைத் திருத்தியே ஆக வேண்டும். ஹவுசிங் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நினைவிருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. என்னைக் கேட்டால், பிளாக்கை எடுத்துவிட்டு, தொய்ந்த பிளேட்டு செட்டைக் கம்பெனி அளவில் புதிதாகப் போட்டாலே உங்கள் மணல் தொல்லை பெரும்பாலும் தீரும்.

வாலிநோக்கம் லோடு வண்டி:
பேரிங்கை இறக்கி, 1 டிகிரி ஆப்பு போட்டாயிற்று. அளவு: முன் துண்டு 4.5, பின் துண்டு 7, பினியன் 4. பாம்பன் அண்ணன் சொன்ன மாதிரியே பின் கிராஸ் நடுவில் சிக்கியது, மாற்றிவிட்டோம். காலி வண்டியில் 60, 70 இரண்டிலும் உறுமல் இல்லை. 80-க்கு மேல் மெல்லிய ஒலி இருக்கிறது, லோடில் அதுவும் கேட்கவில்லை. எல்.எஸ்.பி.வி. கம்பியைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்துத் திருத்தினேன். தொண்டி அண்ணே, பிளேட்டு செட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் போட்டால் இந்தத் தகடுகளை எல்லாம் எடுத்துவிடலாமா?

கீழக்கரை ஸ்பேனர்:
எடுத்தே ஆக வேண்டும் தம்பி. உயரம் மாறினால் கோணமும் மாறும், சென்டர் பேரிங் தகடு, ஆப்பு, பிளாக் மூன்றும் ஒன்றாக வெளியே வரட்டும். எல்.எஸ்.பி.வி. கம்பியும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். போட்ட பிறகு மறுபடி நாலு அளவும் எடுங்கள். 80-இல் கேட்கும் ஒலிக்கு சென்டர் பேரிங் ரப்பரைப் பாருங்கள், பேரிங்கைக் கையால் அசைத்தால் ரப்பர் கிழிசல் தெரியும். இப்போதைக்கு யூ போல்ட் நட்டுகளை அடுத்த சில லோடுக்குள் ஒருமுறை முறுக்கிவிடுங்கள், புது போல்ட் ஓடியதும் கொஞ்சம் இளகும்.