தசமபாகம் கொடுக்கிறோம், தராசு மட்டும் சரியில்லை. என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை:

மன்னார்குடிப் பக்கம் நெல் வியாபாரம் செய்கிறோம். அப்பா ஆரம்பித்தது, அவருக்கு முட்டி வலி வந்த பிறகு மூன்று வருஷமாக நான் பார்க்கிறேன். களத்துக்கே போய் எடை போட்டு, லாரியில் ஏற்றி மில்லுக்கு அனுப்புகிற வேலை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அப்பா சபைக் கமிட்டியில் இருந்தவர், நான் பாடகர் குழுவில் இருக்கிறேன். மாசம் தவறாமல் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, சபைக்கு எடுத்து வைத்துவிடுவோம். போன அறுப்பின் பண்டிகையில் சபைக்காக நடந்த ஏலத்தில் ஒரு பறங்கிக்காயை மூவாயிரம் ரூபாய்க்கு எடுத்தேன், எல்லோரும் கைதட்டினார்கள்.

விஷயம் இதுதான். 60 கிலோ மூட்டை என்று விலை பேசுவோம், 62 வைத்துத்தான் பிடிப்போம். சாக்குக்கும் கழிவுக்கும் என்று இரண்டு கிலோ. எங்கள் பக்கத்து வியாபாரிகள் எல்லோரும் செய்வதுதான், விவசாயிக்கும் தெரியும். அது போக எங்கள் தராசு மூட்டைக்கு ஒரு கிலோ குறைத்துக் காட்டும். அப்படி வைத்தது அப்பா. எனக்கு முதலில் தெரியாது. ஒருநாள் மில் எடைமேடைச் சீட்டையும் எங்கள் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது, 200 மூட்டை லோடில் 200 கிலோ கூடுதல். கேட்டதற்கு, "ஈரம் காஞ்சா எடை குறையும்ல, அதுக்குத்தான்" என்றார் அப்பா. ஆனால் மில்லில் எங்கே குறைந்தது?

போன மாசம் எங்கள் சபைப் போதகர் ஐயர் நீதிமொழிகள் 11:1-ஐ எடுத்துப் பிரசங்கம் செய்தார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது. அவருக்கு என் கதை தெரியாது, பொதுவாகத்தான் சொன்னார். முடிந்து பாட்டுக்கு எழுந்தோம், எனக்குக் குரலே வரவில்லை.

தராசைச் சரி செய்தால் அப்பாவைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். செய்த பிறகு விலையைக் குறைத்தால் பக்கத்துக் கடைக்காரர் மூட்டைக்கு இருபது ரூபாய் கூடச் சொல்லி மொத்தக் களத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். பேசாமல் வேறு வேலைக்குப் போய்விடலாமா? விசுவாசத்தை வாழ்ந்து காட்டுங்கள் என்கிறார்களே, அது எங்கேதான் ஆரம்பிக்கிறது?

பொறையார் தாத்தா:

தம்பி, வேலையை விடாதே. லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் ஆயக்காரர்கள், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், ஞானஸ்நானம் கொடுத்த யோவானிடம் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். ஆயத்துறையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று அவன் சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றான், அவ்வளவுதான். 19-ஆம் அதிகாரத்தில் சகேயு, அவனும் ஆயக்காரன்தான். அவனை யாரும் கேட்கவே இல்லை, அவனாக எழுந்து நின்று பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். முதல் வார்த்தையே கணக்குதான் பார்.

நான் தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஆள். ஜெர்மன் போதகர் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார் என்று வருஷா வருஷம் பேசுவோம். அவர் ஜெயிலுக்குப் போன கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1708 கடைசியில் ஒரு நாவிதரின் விதவைக்குக் கடன் வழக்கு வந்தது. எதிராளி டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த ஆள், செல்வாக்குள்ளவன். அந்த அம்மாவுக்காக இவர் போய்ப் பேசினார், கலகம் செய்கிறார் என்று தளபதி ஹாசியுஸ் நாலு மாசம் அடைத்துப் போட்டான். இன்றைக்கு டேனிஷ் கோட்டைக்கு வருகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி செல்பி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், சரி அது போகட்டும். ஒரு ஏழையின் கடன் கணக்குக்காக ஒரு போதகர் சிறைக்குப் போயிருக்கிறார். உன்னுடையது அதைவிடச் சின்னக் காரியம், ஒரு திருகைத் திருப்பினால் போதும்.

திருவாரூர் சம்பா:

நான் உங்கள் மதம் இல்லை, நெல் விற்கிறவன். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"விவசாயிக்கும் தெரியும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தெரியும் என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. தை மாசம் மேகம் கறுத்து நிற்கும், நெல் களத்தில் கிடக்கும், மூடத் தார்ப்பாய் பத்தாது, அறுப்பு மெஷின்காரன் வாடகைக்கு வாசலில் உட்கார்ந்திருப்பான், கொள்முதல் நிலையத்தில் எனக்கு முன்னால் நாற்பது பேர். அந்த நேரத்தில் வருகிற வியாபாரியிடம் இரண்டு கிலோவுக்குச் சண்டை போட முடியுமா? வெறும் சாக்கு ஒரு கிலோகூட வராது, இது உங்களுக்கும் தெரியும். ஏக்கருக்கு முப்பது மூட்டை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ வீதம் தொண்ணூறு கிலோ, ஒன்றரை மூட்டை. குத்தகை நிலத்தில் எனக்கு மிஞ்சுவதே சில வருஷம் அவ்வளவுதான்.

62 கிலோவுக்கு இவ்வளவு என்று வாயால் விலை சொல்லுங்கள். இருபது ரூபாய் குறைவாக இருந்தாலும் தராசு சரியாக இருந்தால் நாங்கள் வருவோம், எல்லோரும் இல்லை, நாலு பேர் நிச்சயம் வருவோம்.

இன்னொன்று. எங்கள் தாத்தா கிறிஸ்தவர் என்றாலே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைத்தான் சொல்வார். தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78 பெரும்பஞ்சம் அது, கைக்காசைப் போட்டு ஊருக்குச் சோறு போட்ட மனிதர். நந்தனார் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், எப்பேர்ப்பட்ட சிவபக்தர், அவரே இவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடியிருக்கிறார்.

ஜெபவீரன்:

எல்லோரும் சேர்ந்து பிரதரைப் பயமுறுத்துகிறீர்கள். இரட்சிப்பு கிருபையினால், கிரியைகளினால் அல்ல, எபேசியர் 2:8, 9. இந்த அளவுக்குப் பார்த்தால் ஒரு விசுவாசியும் வியாபாரம் செய்ய முடியாது. பாரத்தை அவர் பாதத்தில் வைத்து ஜெபியுங்கள்.

பொறையார் தாத்தா:

அதற்கு அடுத்த வசனத்தையும் படியுங்கள் ஐயா. பத்தாவது. நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் உண்டாக்கப்பட்டோம் என்று இருக்கிறது.

பூண்டிக்காரி:

நாங்கள் கத்தோலிக்கர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, திருடினேன் என்று சொன்னால் அவர் ஜெபம் சொல்லச் சொல்வதோடு விடமாட்டார், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்பார். அதனால்தான் பலபேர் அந்தப் பாவத்தை மட்டும் சொல்வதில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் மாமனார் வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குத் திண்ணையில் மோர் கொடுப்பார். காவி கட்டி, கால் கொப்புளத்தோடு வருவார்கள் பாவம், நல்ல காரியம்தான். ஒரு வருஷம் அதே திண்ணையின் ஓரத்தில் நடவு நட்ட பெண்கள் நாலு பேர் கூலிக்காக உட்கார்ந்திருந்தார்கள், வேலை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாமனார் அவர்களுக்கும் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தார். மாமியார் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூலியைக் கொடுத்த பிறகுதான் பானை திண்ணைக்குத் திரும்பி வந்தது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமத்தில் இருப்பது மாமியாருக்குத் தெரியாது, அவருக்கு எழுதப் படிக்கவே வராது.

தம்பி, நோட்டில் பெயர் இருக்கும் அல்லவா? இருக்கிறவருக்கு அவரிடமே கொடுங்கள், இறந்துபோனவர் என்றால் பிள்ளைகளிடம். கண்டுபிடிக்க முடியாத பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுக் கைதட்டு வாங்க வேண்டாம், யாருக்காவது பள்ளிக்கூடப் பணம் கட்டுங்கள். அப்புறம், அப்பாவிடம் சொல்லாமல் தராசைத் தொடாதீர்கள். கடையில் வைத்துப் பேசாமல் வீட்டில், சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன். அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார், ஒரு வாரமாகப் பேச்சில்லை. ஆனால் மறுநாள் காலையில் பழைய நோட்டுகள் ஆறும் என் மேஜை மேல் இருந்தன. அம்மா வைக்கவில்லை என்கிறார்.

தராசைச் சரி செய்து முத்திரை போட்டு வாங்கியாச்சு. விலையை இப்போது 62-க்குத்தான் சொல்கிறேன். போன வாரம் இரண்டு களம் கைவிட்டுப் போனது, பக்கத்துக் கடைக்காரர் சிரிக்கிறார். நோட்டுக் கணக்கு இன்னும் முதல் நோட்டிலேயே நிற்கிறது, தொகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, ஒரே தவணையில் முடியாது.

நேற்று ஒரு பெரியவர் களம். மூட்டையை வைப்பதற்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தராசில் ஏறி நின்றார். எண்ணைப் பார்த்தார், இறங்கினார், மறுபடி ஏறினார். "தராசு ரிப்பேரா தம்பி?" என்றார். இத்தனை வருஷமாகச் சில ஆட்கள் இப்படி ஏறி நிற்பதை நான் விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.