ஓஎல் (11ஆம் வகுப்புப் பரீட்சை) முடிச்சு வீட்டில இருக்கிற பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (கொட்டாஞ்சேனை அக்கா):
எங்கட தோட்டத்தில (நெருக்கமா வீடுகள் இருக்கிற குடியிருப்பு) 17, 18 வயசுப் பொம்பிளப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் படிப்ப விட்டுட்டு சும்மா இருக்காங்க, ரெண்டு பேருக்கு இப்பவே கல்யாணப் பேச்சு. கிழமைக்கு ஒருநாள் கூப்பிட்டு ஹெல்த் விஷயமும் ஒரு தொழிலும் சொல்லிக்குடுக்க ஆச, எங்க தொடங்குறது?

வத்தளை ரீட்டா:
முதல்ல எம்ஓஎச் (ஏரியா சுகாதார வைத்திய அதிகாரி) ஆபிஸ்ல கேளுங்க, மிட்வைஃப் மிஸ் வந்து பேசுவாங்க. பீரியட்ஸ், இரத்தச்சோகை, கர்ப்பத்தடை எல்லாம் வெளிப்படையா கேக்கிற மாதிரி இருக்கணும், அம்மாமார் பக்கத்தில இருந்தா ஒண்டும் வாயத் திறக்காது.

நிஷா_06:
தையல் மட்டும் எண்டு நிப்பாட்டிராதீங்க ப்ளீஸ்! கொழும்பு நாரஹேன்பிட்டியில தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கு, என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழோட கோர்ஸ் கேளுங்க, அது வெளிநாடு போகவும் உதவும். ஏற்கனவே கடையில வேல பழகின பிள்ளைக்கு அனுபவத்த மதிப்பிட்டே என்விகியூ குடுக்கிற முறையும் இருக்கு. தமிழ்ல கிளாஸ் இருக்கா எண்டு முதல்லயே கேட்டுக்கங்க, அதிலதான் நம்ம பிள்ளைகள் பாதியில நிண்டுருதுகள்.

வத்தளை ரீட்டா:
ஓம், அதோட 1938 நம்பர எல்லாருக்கும் குடுங்க, பெண்கள் உதவி லைன். வீட்டில அடி, தொல்லை எண்டா பேசலாம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
நன்றிமா. திங்கக்கிழம எம்ஓஎச் போறன்.