புதுப்பிப்பு: குடல் எரிச்சல் நோய்க்கு ஹிப்னாஸிஸ் – தூங்கிவிடும் சிக்கல் தீர்ந்தது

குடல் எரிச்சல் நோய்க்காக (IBS) நான் கேட்கும் ஹிப்னாஸிஸ் ஒலிப்பதிவு ஓடும்போதே தூக்கம் வந்துவிடுகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"படுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. படுக்கை நேரத்திலிருந்து மாலை 6 மணிக்கு மாற்றம். தலைசாய்ப்பு இல்லாத நாற்காலி, இரு பாதமும் தரையில். தலை தொங்கினால் உடனே விழிப்பு வந்துவிடும். ஹிப்னாஸிஸ் தூக்கமல்ல, குவிந்த கவனம்.

உள்ளங்கையை வயிற்றில் வைத்து, கதகதப்பு குடலுக்குள் பரவுவதாக உணரும் கட்டத்தில் கை சில்லென்று இருந்தால் கற்பனை ஒட்டவே ஒட்டாது. முன்னதாக வெந்நீர்ப் பையை 2 நிமிடம் பிடித்தால் போதும்.

எதிர்பாராதது: வலிக்கு முன்பே உப்புசம் குறைந்தது. மான்செஸ்டரில் வளர்ந்த இந்த முறையில் வழக்கமாக 12 வார அமர்வுகள். தயவுசெய்து பாதியில் விடாதீர்கள். மலத்தில் ரத்தமோ காரணமில்லாத எடை இழப்போ இருந்தால் முதலில் குடல் மருத்துவரிடம் போங்கள்.