எகிப்திய எழுத்தைத் திறந்தது ரொசெட்டா கல்லா, காப்டிக் மொழியா?

நைல்மணல்:
எகிப்தியச் சித்திர எழுத்து என்றாலே எல்லோரும் ரொசெட்டா கல்லைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல் கிடைத்தது 1799-இல், பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் வாசித்தது 1822-இல். இடையில் 23 ஆண்டுகள் அது ஊமையாகவே கிடந்தது. அவர் வாசித்ததற்குக் காரணம் அவருக்குக் காப்டிக் தெரியும் என்பதுதான். எகிப்திய மொழியின் கடைசி வடிவம் அது. கிரேக்க எழுத்துகளோடு, டெமாட்டிக் என்ற எகிப்திய வேக எழுத்திலிருந்து எடுத்த சில எழுத்துகளையும் சேர்த்து எழுதுவார்கள். எகிப்தியக் கிறிஸ்தவர்கள் இன்றும் அதை வழிபாட்டில் ஓதுகிறார்கள். அவர்கள் காப்பாற்றிய மொழிக்குச் சேர வேண்டிய பெயர் கல்லுக்குப் போய்விட்டது.

கல்லெழுத்து:
காப்டிக் மட்டும் போதுமென்றால் ஜெர்மன் அறிஞர் கிர்ச்சர் ஏன் தோற்றார்? 1640-களிலேயே காப்டிக் இலக்கணமும் சொல்தொகுதியும் அச்சிட்டவர் அவர். ஆனால் ரோமில் நிற்கும் எகிப்தியத் தூண்களுக்கு அவர் எழுதிய விளக்கம் முழுக்கக் கற்பனை. பொருள் தெரிந்த உரை ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். ரொசெட்டா கல்லில் அது இருந்தது: எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து அரசர் ஐந்தாம் தாலமிக்காகப் பூசாரிகள் கி.மு. 196-இல் வெளியிட்ட ஆணை, சித்திர எழுத்து, டெமாட்டிக், கிரேக்கம் என மூன்று எழுத்துகளில்.

பவளமல்லி:
ஒரு சந்தேகம். ஆந்தை வரைந்திருந்தால் ஆந்தை என்று எடுத்துக்கொள்ள முடியாதா?

நைல்மணல்:
பவளமல்லி, கிர்ச்சர் விழுந்த குழியே அதுதான். ஆந்தை அங்கே 'ம்' என்ற ஒலி. வீட்டுப் படத்தோடு ஒரு சிறு கோடு போட்டால் வீடு. அதே படத்தோடு வாயையும் நடக்கும் கால்களையும் சேர்த்தால் 'வெளியே போ'. இரண்டு சொல்லுக்கும் மெய்கள் ஒன்றுதான்: ப், ர். உயிரொலிகளை எழுதவே மாட்டார்கள். தமிழில் ப், ட், ம் என்று மட்டும் எழுதினால் படமா, பாடமா, பீடமா என்று குழம்புவோம் இல்லையா? அவர்கள் கடைசியில் ஒலியில்லாத ஒரு படத்தை வைத்து இன்ன வகைச் சொல் என்று காட்டிவிடுவார்கள். இந்த எழுத்தில் நான் சொக்கிப்போன இடம் இது.

கல்லெழுத்து நண்பரே, கிர்ச்சரைக் கவிழ்த்தது காப்டிக் அல்ல, எழுத்தெல்லாம் தத்துவக் குறியீடு என்ற அவருடைய முன்முடிவு. கல்லில் அதிகம் உடைந்ததும் சித்திர எழுத்துப் பகுதிதான், மிஞ்சியது 14 வரி. அரசர் பெயரைச் சுற்றிப் போடும் நீள்வட்டங்களில் அங்கே இருப்பது தாலமி மட்டுமே. கிளியோபாட்ராவின் பெயர் பிலே தீவுத் தூணிலிருந்து வந்தது. அப்புறம் 1822 செப்டம்பரில் அபு சிம்பெல் கோயில் எழுத்துகளின் படி ஒன்று ஷாம்போலியோன் கைக்கு வந்தது. நீள்வட்டத்துக்குள் முதலில் ஒரு சூரிய வட்டம், கடைசியில் இரண்டு 'ஸ்'. காப்டிக்கில் சூரியன் 'ரே'. நடுவில் இருந்த குறியை 'ம்ஸ்' என்று கொண்டார், 'மிஸெ' என்றால் காப்டிக்கில் பெற்றெடுத்தல். ரே, மெஸ், ஸெஸ்: ராம்செஸ்! தாலமிகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எகிப்திய அரசன்.

கல்லெழுத்து:
அந்த நடுக் குறியை எதை வைத்து உறுதி செய்தார்? அதே குறி ரொசெட்டா கல்லில் வருகிறது, நேரான கிரேக்கப் பகுதியில் 'பிறந்தநாள் விழா' என்று இருக்கிறது. உங்கள் சாட்சியே என் பக்கம் பேசுகிறது. ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங்கும் இந்தக் கல்லை வைத்துத்தான் தாலமி பெயரில் சில ஒலிகளைச் சரியாகப் பிடித்து 1819-இல் அச்சிட்டார்.

நைல்மணல்:
பிறந்தநாள் விஷயம் சரி, அதை நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் யங் அங்கேயே நின்றுவிட்டார். ஒலியெழுத்து அந்நியப் பெயர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தார். பெயரைத் தாண்டிச் சொல்லுக்குப் போக மொழி தெரிய வேண்டும். ஷாம்போலியோன் அதைப் பாரிஸில் யூஹன்னா ஷிஃப்திஷி என்ற காப்டிக் பாதிரியாரிடம் கற்றார். கல்லைச் சொல்லும்போது அவரையும் சொல்லுங்கள் என்பதுதான் என் வழக்கு.

ஓலைநறுக்கு:
இருவரும் ஒன்றை மறக்க வேண்டாம். காப்டிக் உச்சரிப்பைப் பழைய மொழிக்கு அப்படியே ஏற்ற முடியாது. மூன்றாம் அமென்ஹோதெப்பின் அரியணைப் பெயரை இன்று 'நெப்மாத்ரே' என்கிறோம், அந்த 'எ' வசதிக்காக நாம் போட்டது. அவர் காலத்து அரசர்களின் அமர்னா கடிதங்களில், உயிரொலிகளையும் காட்டும் மெசொப்பொத்தேமிய ஆப்பெழுத்தில், அதே பெயர் 'நிம்முரியா' என்று இருக்கிறது. காப்டிக் எழுத்து அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குமேல் பிந்தியது.

பவளமல்லி:
நிம்முரியாவின் கடைசியில் வரும் 'ரியா', ராம்செஸ் பெயரில் உள்ள அதே சூரியனா?

ஓலைநறுக்கு:
அதே சூரியன்தான். 'ரியா' தேய்ந்து காப்டிக்கில் 'ரே' ஆயிற்று.