புதுப்பிப்பு: ரியூனியன் தீவில் தங்கைக்கு வீடு கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன், நினைவிருக்கலாம்: தங்கைக்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் வேலை, புதுச்சேரியில் இருந்தபடியே அங்கே வாடகை வீடு பிடித்துப் பணம் அனுப்பலாமா என்று. "அனுப்பாதே" என்றவர்களுக்கு ஒரு கும்பிடு. போட்டோவில் மட்டும் வீட்டைக் காட்டியவர், "நேரில் பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்றதும் ஆளே காணோம்.

இப்போது தீவின் தலைநகரான சேன்-தெனியில் சாமான் இல்லாத சின்ன வீடு. பிரெஞ்சுச் சட்டம்தான் அங்கேயும். இப்படிப்பட்ட வீட்டுக்கு 1 மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. சாமானோடு என்றால் 2 மாதம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தே பழகிய அப்பா இன்னும் நம்பவில்லை. ஆனால் சம்பளச் சீட்டு, ஜாமீன் என்று காகிதம் சேர்த்தே தங்கை ஓய்ந்துபோனாள்.

சாவி வாங்கும்போது வீடியோ காலில் பார்த்தோம். ஏஜென்சிப் பெண் அறை அறையாகப் போய், சமையலறை டைல்ஸில் மயிரிழைக் கீறல், குளியலறைக் கொக்கி தளர்வு என ஒன்றுவிடாமல் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். காலி செய்யும்போதும் இதே சடங்கு. இரண்டும் ஒத்துப்போனால் 1 மாதத்துக்குள் பணம் திரும்ப வேண்டும். முத்தியால்பேட்டையில் "பெயின்ட் அடிக்கணும்" என்று எங்களிடம் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது, சரி விடுங்கள்.

அப்புறம் அம்மா. 2011 தானே புயலைப் பார்த்தவர். 2025 பிப்ரவரியில் அந்தத் தீவைக் கரான்ஸ் புயல் தாக்கியதைக் கேள்விப்பட்டதிலிருந்து ஒரே கேள்வி: "ஜன்னல் கெட்டியா?" ஷட்டர் இருக்கிறதாம்.

அங்கே வீடு வாங்குவது பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: முன் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், வாங்குபவர் 10 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம்.